அரிவாள் அணுவும் கொசுவும்

இரத்தத்தைச் சோதித்தே ஒருவரின் இனத்தைக் கூறிவிடலாம் என்று நம்பியோர் இருபதாம் நூற்றாண்டின் முற்பகுதியில் மருத்துவரிடையேயும் இருந்தனர். அவர்கள் காட்டிய சான்றுகளுள் ஒன்று அரிவாள் அணுச் சோகை. 1910-ஆம் ஆண்டில் சிக்காகோ மருத்துவர் ஜேம்ஸ் ஹெரிக் இந்நோயை மருத்துவ ஏட்டில் விவரித்தார். கிரெனடாத் தீவிலிருந்து படிக்க வந்த மாணவர் ஒருவரின் சிவப்பணுக்கள் அரிவாள்போல் வளைந்திருந்தன. பின்னர் அமெரிக்காவில் கண்ட நோயாளிகளுள் பெரும்பாலோர் கறுப்பினத்தாராகவே இருந்தமையால், இஃது அவ்வினத்திற்கே உரிய நோய் என்று எழுதி வைத்தனர். வெள்ளையர் ஒருவரிடம் அது காணப்பட்டால், அவருடைய முன்னோருள் கறுப்பர் எவரேனும் இருந்திருக்க வேண்டும் என்று சாதித்தவர்களும் உண்டு! முடிவை முன்னரே வைத்துக்கொண்டு சான்று தேடினால் வேறென்ன விளையும்?

நிற்க. இந்நோய்க்குரிய மரபணுவைத் தாய், தந்தை இருவரிடமிருந்தும் பெற்ற குழந்தையே நோயுறும் என்பது 1949-இல் தெளிவாயிற்று. தக்க மருத்துவம் இல்லாத இடங்களில் அக்குழந்தை பெரும்பாலும் இளமையிலேயே இறந்துவிடும். ஒருவரிடமிருந்து மட்டும் பெற்றவரோ பொதுவாக நலமுடன் வாழ்வர். குழந்தைகள் இறக்க இறக்க அம்மரபணுவும் தலைமுறைதோறும் அருகியிருக்க வேண்டுமன்றோ? ஆப்பிரிக்காவின் சில பகுதிகளில் அது மிகுந்திருப்பானேன்?

இதற்கு விடை கண்டவர் ஆந்தனி அலிசன். தென்னாப்பிரிக்காவிற் பிறந்து கென்யாவில் வளர்ந்த இவர், 1949-இல் ஆக்ஸ்போர்டு மாணவராக இருந்தபோது கென்யாவின் பல குடியினரிடம் இரத்தம் திரட்டினார். கடற்கரையிலும் விக்டோரியா ஏரிப் புறத்திலும் நூற்றுக்கு இருபது பேருக்கு மேல் அம்மரபணுவைத் தாங்கியிருந்தனர். இடைப்பட்ட உயர்நிலங்களிலோ நூற்றுக்கு ஒருவர்கூட இல்லை. மலேரியாக் கொசு மலிந்த இடங்களில் மரபணுவும் மலிந்திருந்தது. ஒற்றை மரபணு மலேரியாவிலிருந்து காக்கிறது என்று அலிசன் கருதினார். ரொடீசிய மருத்துவர் பீட் 1946-லேயே இத்தகைய குறிப்பொன்றை வெளியிட்டிருந்தார். தலசீமியா என்னும் வேறொரு இரத்தக் குறைபாடு பற்றி ஹால்டேனும் இவ்வாறே ஊகித்திருந்தார். ஆயினும் ஊகம் வேறு, மெய்ப்பித்தல் வேறு.

1953-இல் உகாண்டாவில் 290 குழந்தைகளை அலிசன் சோதித்தார். மரபணு உடைய 43 பேரில் 12 பேருக்கு இரத்தத்தில் மலேரியாக் கிருமி இருந்தது. இல்லாத 247 பேரில் 113 பேருக்கு இருந்தது. இத்துடன் அவர் அமையவில்லை. மனமிசைந்து முன்வந்த லுவோ குடியினர் முப்பதின்மருக்கு மலேரியாவைத் தாமே தொற்றச் செய்தார். மரபணு இல்லாத பதினைவரில் பதினால்வர்க்கும், உடைய பதினைவரில் இருவர்க்குமே கிருமி கண்டது. இக்காலத்தில் இத்தகைய சோதனைக்கு இசைவு கிடைத்தல் அரிது, கிடைக்கலும் ஆகாது. 1954-இல் முடிவுகள் வெளியாயின. மனிதரிடையே இயற்கைத் தேர்வு இயங்குவதற்கு ஐயந்திரிபற்ற முதற் சான்று இதுவே எனலாம்.

இதற்கிடையில், 1952-இல் லேமன், கட்புஷ் என்னும் இருவர் நீலகிரிப் பழங்குடியினரிடமும் அரிவாள் அணுவைக் கண்டனர். லேமன் இதனை ஆசியாவுக்கும் கிழக்கு ஆப்பிரிக்காவுக்கும் இடையிலான பழைய இனத் தொடர்பின் சுவடாகக் கொண்டார். பழைய வழக்கம் எளிதில் விடுவதில்லை! கிரீசில், முன்னர்ச் சதுப்பாயிருந்து பின் வடிக்கப்பட்ட கோப்பாயிஸ் ஏரியைச் சூழ்ந்த ஊர்களிலும் அது காணப்பட்டது. அங்குள்ளோர் வெள்ளையரே. அம்மரபணு மிகுவதும் குறைவதும் தோலின் நிறத்தைப் பொறுத்ததன்று, மலேரியாவைப் பொறுத்தது.

அம்மரபணு ஆப்பிரிக்காவிலும் ஆசியாவிலும் பலமுறை தனித்தனியே தோன்றியதெனப் பின்னர் வந்த ஆய்வாளர் பலர் கருதினர். 2018-இல் முழு மரபுத்தொகுதிகளை ஒப்பிட்ட ஷ்ரைனர், ரோட்டிமி ஆகியோர், ஏறத்தாழ 7,300 ஆண்டுகளுக்கு முன் ஆப்பிரிக்காவில் ஒரே ஒருவரிடம் நேர்ந்த மாற்றமே பின்னர்ப் பரவியது என்று முடிவு கூறினர். மலேரியா ஒழிந்த நாடுகளில் அதனால் இன்று பயனில்லை. நோய் மட்டும் எஞ்சியுள்ளது. பழங்குடி மக்களை முதன்மையாகக் கருதி, இந்திய அரசு 2023-இல் அரிவாள் அணுச் சோகை ஒழிப்புப் பணியைத் தொடங்கிற்று.