பால் கணக்கு

ஆண்ட்ரூ ஷியர் மேடையில் நின்றார். ஒரு பால் டப்பாவை எடுத்தார். திறந்தார். டம்ளரெல்லாம் தேடவில்லை. அப்படியே வாயில் வைத்துக் குடித்தார். அரங்கமே விழுந்து விழுந்து சிரித்தது.

பால் குடித்தால் சிரிப்பார்களா என்ன?

2017 ஜூன் மாதம் நடந்தது இது. கனடிய நாடாளுமன்ற நிருபர்கள் வருஷா வருஷம் அரசியல்வாதிகளைக் கூப்பிட்டு ஒரு விருந்து வைப்பார்கள். யாரை யார் வேண்டுமானாலும் கிண்டலடிக்கலாம். அப்போது ஷியர் கன்சர்வேடிவ் கட்சித் தலைவராகி ஒரு வாரம்தான் ஆகியிருந்தது. பால் பண்ணைக்காரர்கள் தயவில்தான் ஜெயித்தார் என்று ஊரே பேசிக்கொண்டிருந்தது. ஷியர் மறுக்கவில்லை. குடித்தே காட்டிவிட்டார்.

அந்தப் பாலில் வழுக்கி விழுந்தவரைப் பற்றித்தான் இந்த வாரம். பெயர், மாக்ஸிம் பெர்னியே.

கனடாவின் கியூபெக் மாகாணத்தில் போஸ் என்றொரு பகுதி. நேதாஜிக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. பிரெஞ்சுப் பெயர். பால் பண்ணைகளும் மேப்பிள் தோப்புகளும் சின்னச் சின்னத் தொழிற்சாலைகளும் நிறைந்த பிரதேசம். அங்கே செயின்ட் ஜார்ஜ் என்ற ஊரில் 1963ல் பிறந்தவர் பெர்னியே. அப்பா ரேடியோவில் பேசிப் பேர் வாங்கியவர். 1984 தொடங்கி 1997 வரை அதே தொகுதிக்கு எம்.பி.யாகவும் இருந்தார். மகன் வக்கீலுக்குப் படித்து, வங்கி, இன்ஷூரன்ஸ் என்று வேலை பார்த்துவிட்டு, 2006ல் அப்பாவின் தொகுதியிலேயே நின்றார். மூன்றில் இரண்டு பங்கு ஓட்டு அவருக்கே விழுந்தது. ஸ்டீபன் ஹார்ப்பர் அவரை நேராகத் தொழில்துறை அமைச்சராக்கினார்.

பெர்னியே ஒரு லிபர்டேரியன். ரொம்பக் குழப்பிக்கொள்ள வேண்டாம். அரசாங்கம் ராணுவம் வைத்துக்கொள்ளட்டும், கோர்ட்டு நடத்தட்டும், திருடனைப் பிடிக்கட்டும். அதைத் தாண்டி என் பையிலும் என் வீட்டிலும் கை வைக்காமல் இருக்கட்டும் என்கிறவர்கள். வரி குறையவேண்டும், மானியம் ஒழியவேண்டும், சந்தை தன்னைத் தானே பார்த்துக்கொள்ளும். இதுதான் அவர்கள் வேதம்.

இந்த வேதத்துக்குக் கனடா அவ்வளவு தோதான ஊரல்ல. அங்கே அரசாங்க வைத்தியம் என்பது ஏறத்தாழ மதம் மாதிரி. அதிலும் கியூபெக் இன்னும் ஒருபடி மேல். அரசாங்கத்தின் கை நீளமாக இருப்பது நல்லது என்று நினைக்கிற மாகாணம். அங்கிருந்து இப்படி ஒருவர் கிளம்பி வந்ததே அதிசயம்தான்.

அமைச்சரானதும் டெலிபோன் கம்பெனிகள் மீதான கட்டுப்பாடுகளைத் தளர்த்தினார். 2007ல் வெளியுறவுத் துறை கிடைத்தது. 2008 மே மாதம் அது போயும் விட்டது. காரணம், நேட்டோ மாநாடு சம்பந்தப்பட்ட ரகசியக் காகிதங்களைத் தோழியின் வீட்டில் மறந்து வைத்துவிட்டு வந்ததுதான். ராஜினாமா.

இன்னொருவராக இருந்தால் அத்தோடு அரசியல் முடிந்திருக்கும். இவர் ஊர் ஊராகப் போய்ச் சின்ன அரசாங்கத்தைப் பற்றிப் பேச ஆரம்பித்தார். ஓடவும் செய்தார், நிஜமாகவே. 2013ல் தர்ம காரியத்துக்கு நிதி திரட்ட, தன் தொகுதிக்குக் குறுக்கே 100 கிலோமீட்டருக்கு மேல் ஒரே ஓட்டம். பிடிவாதம் என்றால் அப்படி ஒரு பிடிவாதம்.

2015ல் ஹார்ப்பர் தோற்றார். கட்சிக்குப் புதுத் தலைவர் வேண்டும். பெர்னியே களத்தில் குதித்தார். கையில் ஒரு பட்டியல். கம்பெனிகளுக்கு அரசாங்கம் பண உதவி செய்யக்கூடாது. விமானம் செய்யும் பாம்பார்டியர் கியூபெக்கின் செல்லப்பிள்ளை. அதற்கும் கிடையாது. தபால் துறையைத் தனியாருக்கு விற்றுவிடலாம். வருமான வரிக்கு இருக்கிற ஐந்து படிகளை இரண்டாக்கலாம். ஒரு லட்சம் டாலர் வரை 15 சதவீதம், அதற்கு மேல் 25.

இதெல்லாம்கூடப் பரவாயில்லை. கடைசியாக ஒன்று சொன்னார் பாருங்கள், அதுதான் தேன்கூட்டில் கல். பால் கோட்டாவை ஒழிப்பேன் என்றார்.

பால், முட்டை, கோழி. இவற்றைக் கனடாவில் யார் வேண்டுமானாலும் இஷ்டத்துக்கு உற்பத்தி செய்து விற்றுவிட முடியாது. 1960களின் கடைசியிலும் 70களிலுமாக உருவான ஏற்பாடு. சப்ளை மேனேஜ்மென்ட் என்பார்கள். நாட்டுக்கு எவ்வளவு பால் தேவை என்று முதலில் கணக்குப் போடுவது. அதைப் பண்ணைகளுக்குப் பங்கு பிரிப்பது. அந்தப் பங்குக்குப் பெயர்தான் கோட்டா. கோட்டா இருந்தால்தான் கறந்து விற்கலாம். பண்ணைக்காரருக்குக் கிடைக்கிற விலையும் உற்பத்திச் செலவைப் பார்த்து நிர்ணயிக்கப்படும். விலை விழாது, பயமில்லை.

வெளியிலிருந்து மலிவாக வந்துவிட்டால்? அதற்குத்தான் வரி. அனுமதித்த அளவுக்கு மேல் வரும் வெண்ணெய்க்கு 298.5 சதவீதம். அதாவது எல்லைக்கு அந்தப் பக்கம் 100 டாலராக இருக்கிற வெண்ணெய், இந்தப் பக்கம் கால் வைத்ததும் 398 டாலர் 50 சென்ட். யார் வாங்குவார்?

கோட்டாவைக் கைமாற்றலாம் என்பதால் அதுவே பெரிய சொத்தாகிவிட்டது. கியூபெக்கிலும் ஒன்டாரியோவிலும் தினம் ஒரு கிலோ வெண்ணெய்க்கொழுப்புக்கான கோட்டா 24,000 டாலர். சுமாராக ஒரு மாடு தருகிற அளவு. மாட்டுக்குத் தனியாகப் பணம் கொடுத்துக்கொள்ள வேண்டும்.

பெர்னியேவின் வாதம் சுலபமானது. நாலு குழந்தை வைத்திருக்கிற ஏழைத் தாய் பாலுக்குக் கூடுதல் விலை கொடுக்கிறாள். அந்தப் பணம் அவளைவிட வசதியானவருக்குப் போகிறது. இது என்ன நியாயம்? பண்ணைக்காரர்களை நடுத்தெருவில் விடுவேன் என்றும் அவர் சொல்லவில்லை. ஆஸ்திரேலியா 2000த்தில் செய்ததுபோல, பால் மீது கொஞ்ச காலத்துக்கு ஒரு தீர்வை போட்டு, அதில் வசூலாவதை நஷ்டஈடாகக் கொடுத்துவிட்டுப் படிப்படியாக ஒழிக்கலாம் என்றார்.

பண்ணைக்காரர்கள் பக்கமும் நியாயம் இல்லாமலில்லை. கடன் வாங்கிக் கோட்டா வாங்கியவர்கள் அவர்கள். அமெரிக்காவில் பால் விலை சரியும்போதெல்லாம் சின்னப் பண்ணைகள் மூடப்படுவதைப் பக்கத்திலிருந்து பார்த்தவர்கள். எங்களுக்கு அரசாங்க மானியம் வேண்டாம், இந்த ஏற்பாட்டை மட்டும் விட்டுவையுங்கள் என்றார்கள்.

நியாயம் எந்தப் பக்கமும் இருக்கட்டும். கணக்கைப் பார்க்கலாம். அன்றைக்குப் பால் வாங்கியவர்கள் மூன்றரைக் கோடிப் பேருக்கு மேல். ஆளுக்கு நஷ்டம் மாதம் சில டாலர்கள். விற்றவர்கள் சுமார் 10,000 பண்ணைகள். பாதிக்குப் பக்கம் கியூபெக்கில். ஒவ்வொரு பண்ணைக்கும் லட்சக்கணக்கில் சொத்து ஆட்டம் காண்கிறது. இதில் யார் வேலையை விட்டுவிட்டுக் கட்சி ஆபீசுக்குப் போவார்கள்?

போனார்கள். 15 டாலர் கட்டினால் கன்சர்வேடிவ் கட்சியில் உறுப்பினராகலாம். பெர்னியேவைத் தோற்கடிப்பதற்கென்றே கியூபெக் பண்ணைக்காரர்கள் உறுப்பினரானார்கள்.

மே 27, டொரண்டோ. ஓட்டுச்சீட்டில் 14 பெயர்கள். முதல் விருப்பம், இரண்டாம் விருப்பம் என்று வரிசைப்படுத்த வேண்டும். 338 தொகுதிக்கும் தலா 100 புள்ளி. முதல் சுற்றில் பெர்னியே 29 சதவீதம், ஷியர் 22. கடைசியில் இருப்பவரைக் கழித்துக்கொண்டே போகிறார்கள். 12 சுற்று முடிகிறவரை பெர்னியேதான் முன்னால். 13வது சுற்றில் ஷியர் 50.95. பெர்னியே 49.05.

புள்ளிக் கணக்கில் சொன்னால், பாதியைத் தாண்ட 323 குறைந்தது. அவ்வளவுதான். ஷியர் முந்திய தொகுதிகளில் போஸும் ஒன்று என்பதுதான் இதில் பெரிய அடி. சொந்த ஊரே கைவிட்டுவிட்டது.

பாலைத் தொடாமல் விட்டிருந்தால் ஜெயித்திருப்பார் என்று இன்றைக்கும் சொல்கிறவர்கள் உண்டு. அமைச்சராக இருந்த காலத்தில் கோட்டாவை ஆதரித்த அரசாங்கத்தில்தான் அவரும் உட்கார்ந்திருந்தார். இன்னும் கொஞ்ச நாள் வாயை மூடிக்கொண்டிருந்தால் என்ன குறைந்திருக்கும்? ஆனால் மனுஷன் தெரிந்தேதான் பேசினார். இந்த இடம் வரைக்கும் பெர்னியேவின் கொள்கை பிடிக்காதவர்களுக்கும் பெர்னியேவைப் பிடித்துவிடும்.

அதற்கப்புறம்தான் சிக்கல்.

தோல்வியை அவரால் ஜீரணிக்க முடியவில்லை. பால்காரர்கள் போலி கன்சர்வேடிவ்கள் என்று எழுதினார். 2018 ஜூனில் ஷியர் அவரை முன்வரிசையிலிருந்து இறக்கினார். ஆகஸ்டில் வேறொரு விஷயத்தைக் கையில் எடுத்தார் பெர்னியே. பன்முகப் பண்பாடு அளவு மீறிப் போய்விட்டது, இப்படியே போனால் நாடு துண்டு துண்டாகும் என்றார். அதே மாதம் 23ம் தேதி கட்சியை விட்டு வெளியேறினார். செப்டம்பரில் புதுக்கட்சி, கனடா மக்கள் கட்சி.

2019 பொதுத்தேர்தலுக்கு 300க்கு மேற்பட்ட வேட்பாளர்களை நிறுத்தினார். கொள்கைப் பட்டியலில் பாதி பழையதுதான். இரண்டு படி வருமான வரி. கம்பெனி வரி 15லிருந்து 10. இரண்டே வருஷத்தில் பற்றாக்குறை இல்லாத பட்ஜெட். கார்பன் வரி வேண்டாம், பாரிஸ் ஒப்பந்தம் வேண்டாம். வைத்தியத்துக்காக மத்திய அரசு மாகாணங்களுக்குக் காசு தருவதை நிறுத்திவிட்டு, ஜிஎஸ்டி வசூலை மாகாணங்களிடமே விட்டுவிடலாம். பால் கோட்டா ஒழிப்பும் உண்டு.

மறுபாதி புதுசு. வருஷத்துக்கு மூன்று லட்சத்துக்கு மேல் குடியேறிகள் வந்துகொண்டிருந்த நாட்டில், ஒரு லட்சத்திலிருந்து ஒன்றரை லட்சத்துக்குள் நிறுத்துவேன் என்றார். தலைவர் போட்டியில் நின்றபோது இதே மனிதர் சொன்ன எண்ணிக்கை இரண்டரை லட்சம். அப்புறம், பன்முகப் பண்பாட்டுச் சட்டத்தையே ரத்து செய்வேன் என்றார். 1971ல் பியர் ட்ரூடோ அறிவித்த கொள்கை அது. 1988ல் அதைச் சட்டமாக்கியது பிரையன் மல்ரோனியின் அரசாங்கம். பெர்னியேவின் அப்பா அந்த ஆளுங்கட்சியின் எம்.பி.

டொரண்டோவில் இருக்கிற நம்மவர்களுக்கும் இதில் பங்கு உண்டு. ஜனவரியைத் தமிழ் மரபுத் திங்களாகக் கொண்டாடலாம் என்று 2016ல் கனடிய நாடாளுமன்றம் தீர்மானம் போட்டதே, அது அந்தக் கொள்கை வளர்த்த மனப்பான்மையில் விளைந்ததுதான். உன் பண்பாட்டை நீ வைத்துக்கொள், அரசாங்கம் எதற்கு அதைத் தூக்கிப் பிடிக்கவேண்டும் என்பது பெர்னியே கட்சி.

தேர்தல் சமயத்தில் ஒரு தனி அமைப்பு அவர் படத்தைப் போட்டுக் குடியேற்றத்துக்கு எதிராக நகரங்களில் பெரிய பெரிய பலகை வைத்தது. கூச்சல் கிளம்பியதும் விளம்பரக் கம்பெனி கழற்றிவிட்டது. பால் கோட்டாவுக்காக அவருக்கு யாரும் பலகை வைக்கவில்லை.

இங்கேதான் விஷயமே இருக்கிறது. வெண்ணெய் எல்லை தாண்டி வரட்டும், தடுக்காதே என்றவர், மனிதர்கள் வருவதைக் குறை என்கிறார். லிபர்டேரியன்களுக்குள்ளேயே இதில் இரண்டு கட்சி உண்டு. சரக்குக்குத் திறந்த கதவு ஆளுக்கும் திறக்கட்டும் என்பது ஒன்று. அரசாங்கச் சலுகைகள் இருக்கிறவரை கதவைத் திறந்து வைக்க முடியாது என்பது மற்றொன்று. பெர்னியே இரண்டாவதைச் சொல்லிக்கொள்ளலாம். ஆனால் கூட்டத்துக்கு வந்து கை தட்டியவர்கள் எல்லோரும் வரிக் கணக்குப் பார்த்துத் தட்டினார்களா என்பது வேறு கேள்வி.

போஸில் 2019ல் நடந்தது ஒரு தமாஷ். காண்டாமிருகக் கட்சி என்று கனடாவில் ஒரு நையாண்டிக் கட்சி. தேடிப் பிடித்து, மாக்ஸிம் பெர்னியே என்ற அதே பெயருள்ள இன்னொருவரை அதே தொகுதியில் நிறுத்தியது. யார் யாரென்று சந்தேகமாக இருந்தால் இரண்டு பேருக்குமே போடுங்கள் என்று பிரசாரம். அவருக்கும் ஆயிரத்துச் சொச்சம் ஓட்டு விழுந்தது.

ஒரிஜினல் பெர்னியேவுக்கு 28 சதவீதம். கன்சர்வேடிவ் கட்சியின் ரிச்சர்ட் லெஹூ 38 வாங்கி ஜெயித்தார். லெஹூ முன்னாள் மேயர். அவருடைய தொழில் என்னவென்று நினைக்கிறீர்கள்? பால் பண்ணை.

நாடு முழுக்க மக்கள் கட்சிக்குக் கிடைத்தது 1.6 சதவீதம். சீட் கிடையாது. 2021ல் ஊரடங்கையும் கட்டாயத் தடுப்பூசியையும் எதிர்த்துப் பேசினார். அந்த ஜூனில் மனிடோபாவில் கைதும் ஆனார். ஓட்டு கிட்டத்தட்ட 5 சதவீதமாக ஏறியது. எட்டு லட்சத்துக்கு மேல். அப்போதும் ஒரு சீட் இல்லை. தடுப்பூசிச் சண்டை அடங்கியது, ஓட்டும் அடங்கியது. 2025 ஏப்ரலில் ஒரு சதவீதம்கூட வரவில்லை.

கவனித்துப் பார்த்தால், அவருடைய ஓட்டு ஏறியதெல்லாம் கோபத்தில்தான். வரியைக் குறை, மானியத்தை ஒழி என்று நின்றபோது கட்சிக்குள் பாதிப் பேர் கூட இருந்தார்கள். தனிக்கட்சி கண்டபிறகு அந்தப் பாதிப் பேர் வரவில்லை. வந்தவர்கள் வேறு ஆட்கள். அவர்களுக்கு வேறு கோபம். தலைவர் கூட்டத்தை நடத்தினாரா, கூட்டம் தலைவரை நடத்தியதா என்று கேட்டால் பதில் சொல்வது கஷ்டம்.

பால் என்ன ஆயிற்று?

2025 ஜூனில் கனடா ஒரு சட்டம் போட்டது. வெளிநாடுகளோடு வியாபார ஒப்பந்தம் பேசும்போது பால், முட்டை, கோழி விஷயத்தில் இனிமேல் எந்த அமைச்சரும் எதையும் விட்டுக்கொடுக்கக்கூடாது. பெரிய கட்சிகள் எல்லாமே ஆதரித்தன. பால் கோட்டாவை ஒழிப்பேன் என்று சொல்லித் தலைவர் பதவியை இழந்தவர் அன்றைக்கு அந்தச் சபையிலேயே இல்லை.