கடன் வாங்கிய மண்

என் பாட்டனாரின் கொல்லையில், மழை விட்ட மறுநாள் யாரும் கால் வைக்கக் கூடாது. நாங்கள் பையன்கள் குறுக்கு வழியாக ஓடினால், "ஈர மண்ணை மிதிக்காதேடா, இறுகிப் போகும்! வரப்பிலே போ!" என்று திண்ணையிலிருந்தே கத்துவார். கிழவரின் பிடிவாதம் என்று சிரித்திருக்கிறோம். ஜெர்மனியில் ரைன் பிரதேசத்தின் கதையைப் படித்த பிறகுதான், அந்தப் பிடிவாதத்தில் எவ்வளவு உண்மை இருந்தது என்று எனக்கு விளங்கிற்று.

கொலோன் நகரத்துக்கும் ஆக்கன் நகரத்துக்கும் நடுவே இருக்கிறது அந்தப் பூமி. பனியுகத்தில் காற்று வாரிக் கொண்டுவந்து படியவைத்த மாவு போன்ற மண் அங்கே பல அடி கனத்துக்குக் கிடக்கிறது. 'லோயஸ்' என்று அதற்குப் பெயர். கோதுமையும் சர்க்கரைக் கிழங்கும் அதில் கொழித்து விளையும். துரதிருஷ்டம் என்னவென்றால், அதே மண்ணுக்கு அடியில் பழுப்பு நிலக்கரியும் இருக்கிறது. நம் நெய்வேலியில் 1961-ல் வெளிப்பட்டதே, அதே ஜாதிதான். நெய்வேலிக்கு ஆரம்பத்தில் வந்த ராட்சதச் சக்கர இயந்திரங்களும் ஜெர்மனியில் செய்தவையே.

இந்த நிலக்கரிக்காகப் பூமியைக் குடைந்து போவதில்லை. மேலே உள்ளதையெல்லாம் வாரி எடுத்துவிடுகிறார்கள். 1978-ல் அங்கே வேலைக்கு வந்த ஓர் இயந்திரத்தின் எடை சுமார் 13,500 டன். ஒரே நாளில் 2,40,000 கன மீட்டர் வெட்டித் தள்ளும். அதற்கு முன்னால் ஒரு குடியானவனின் வயல் எம்மாத்திரம்?

1950-ல் அந்த மாநிலத்தில் ஒரு சட்டம் வந்தது. எங்கே தோண்டுவது, தோண்டிய பின் அந்த நிலம் என்ன ஆவது என்று பிரதேசம் முழுவதற்கும் சேர்த்தே திட்டமிட வேண்டும் என்பது அதன் சாரம். சட்டம் செய்வது சுலபம். மண்ணைத் திரும்ப வைப்பது அத்தனை சுலபமா?

லோயஸுக்கு அடியில் மணலும் கூழாங்கல்லும் உண்டு. அவற்றோடு கலந்துவிட்டால் நல்ல மண் பாழ். ஆகையால் அதைத் தனியே வெட்டி எடுத்து, குழியை மற்றவற்றால் நிரப்பி, மேலே இரண்டு மீட்டர் கனத்துக்கு லோயஸைப் பரப்பினார்கள். 1960-களில் மண்ணைத் தண்ணீரில் கரைத்து, குழாய் வழியே கரை கட்டிய பெரிய பாத்திகளுக்குப் பாய்ச்சியும் பார்த்தார்கள். தண்ணீர் வடிந்து நிலம் உலர வெகு காலம் பிடித்தது. பிற்பாடு மண்ணை அப்படியே கொட்டிச் சமன் செய்தார்கள். அங்கேதான் வினை வந்தது. கனத்த வண்டிகள் ஏறிய இடமெல்லாம் மண் இறுகியது. மழை நீரும் இறங்கவில்லை, வேரும் இறங்கவில்லை. பார்வைக்கு வயல், பயிருக்குக் கட்டாந்தரை! மண்ணைப் பரப்புவதைவிட, மிதிக்காமல் பரப்புவதே பெரிய வித்தை என்று கண்டுகொண்டார்கள். தரையை லேசாக அழுத்தும் வண்டிகளைக் கொண்டு, மண் காய்ந்திருக்கும்போது மட்டும் வேலை செய்யலானார்கள். என் பாட்டனார் திண்ணையில் உட்கார்ந்தபடி இலவசமாகச் சொன்ன பாடம்.

அதோடு முடியவில்லை. முதல் மூன்று வருஷம் குதிரை மசால் விதைக்கிறார்கள். அதன் வேர் ஆழ்ந்து இறங்கி மண்ணைத் திறக்கிறது. காற்றிலுள்ள நைட்ரஜனைச் சேர்த்து வைக்கிறது. மண்புழுக்கள் மெல்ல மெல்லத் திரும்புகின்றன. பிறகு தானியம். ஏறக்குறைய ஏழு வருஷம் சுரங்க நிறுவனமே சாகுபடி செய்த பின்புதான் நிலம் குடியானவர் கைக்குப் போகிறது. இப்படி மறுபிறவி எடுத்த வயல்களில் இன்று கோதுமை நன்றாகவே விளைகிறது.

ஆனால் கணக்கு முழுவதும் நேராகிவிடவில்லை. வெட்டி எடுத்த நிலக்கரி எரிந்து சாம்பலாகிவிட்டது. அத்தனை பள்ளத்தையும் நிரப்ப மண்ணுக்கு எங்கே போவது? கடைசிக் குழிகள் ஏரிகளாகத்தான் போகின்றன. நிலத்தை விட்ட குடியானவருக்கு மாற்று நிலம் கிடைக்கிறது. அவர் தகப்பனார் உழுத நிலம் கிடைப்பதில்லை. இம்மெராட் என்ற ஊரில் இரட்டைக் கோபுரத்தோடு நின்ற மாதா கோயிலை 2018 ஜனவரியில் இடித்தார்கள். ஊர்க்காரர்களுக்கு அதே பெயரில் வேறிடத்தில் புது ஊர் எழுந்தது. கல்லறைகளைக்கூடப் பெயர்த்துக் கொண்டு போனார்கள்.

மண்ணைக் கடனாக வாங்கினால் திருப்பித் தர முடியும். அதற்குப் பொறுமை வேண்டும், குதிரை மசாலின் வேர் வேண்டும், ஈரத்தில் கால் வைக்காத மரியாதை வேண்டும். ஆனால் வட்டியாகப் போன அந்த ஊரை எந்தச் சட்டத்தில் எழுதி வசூலிப்பது? பாட்டனார் இருந்தால் கேட்டிருப்பேன்.