மண்வெட்டி எடுக்கும் முன் நிலத்தைப் படியுங்கள்: பெர்மாகல்ச்சர் திட்டத்தின் முதல் படி

ஆஸ்திரேலியாவின் தாஸ்மேனியாவில் 1970களில் பில் மோலிசன், டேவிட் ஹோம்கிரென் ஆகிய இருவரும் உருவாக்கிய நிலத்திட்ட முறையே பெர்மாகல்ச்சர். அவர்களின் முதல் நூல் 1978இல் வெளிவந்தது. தமிழில் இதனை நிலைத்த வேளாண்மை எனலாம். இம்முறையில் நடவு கடைசியாகத்தான் வரும். நிலத்தையும் அதில் உழைக்கப்போகும் குடும்பத்தையும் அறிவதே முதல் வேலை.

நிலம் யாருடையது?

முதல் கேள்வி இதுதான். தோட்டத்து வீடு நிர்வாகத்தின் சொத்து; வேலை முடிந்தால் வீட்டைக் காலி செய்ய நேரும். டிஓஎல் எனப்படும் தற்காலிகக் குடியிருப்பு உரிமம் ஆண்டு முடிவோடு காலாவதியாகும்; மீண்டும் புதுப்பிக்க வேண்டும். இத்தகைய இடத்தில் பல ஆண்டுகள் கழித்துக் காய்க்கும் மங்குஸ்தீனையும் டுரியானையும் நம்பிப் பணம் போடுவது ஆபத்து. கீரை, வெண்டை, கத்தரி, பப்பாளி போன்று விரைவில் பலன் தருபவை ஏற்றவை. கறிவேப்பிலையைப் பெரிய தொட்டியில் வளர்த்தால் வீடு மாறும்போது உடன் கொண்டு செல்லலாம். தாமானில் சொந்த வீடு என்றாலும், வேலிக்கு வெளியே உள்ள இடமும் கால்வாய் ஓரமும் பெரும்பாலும் அரசு நிலமே.

வெயில்

தீபகற்ப மலேசியா பூமத்திய ரேகைக்குச் சற்று வடக்கே உள்ளது. அதனால் ஜூன் மாத நண்பகலில் சூரியன் வடக்கே சாய்ந்தும் டிசம்பரில் தெற்கே சாய்ந்தும் நிற்கும். வீட்டின் வடபுறத்தில் ஜூனில் வெயில் படும் இடம், டிசம்பரில் சுவரின் நிழலுக்குள் போய்விடலாம். காய்கறிகளுக்கு நாளொன்றுக்குச் சுமார் 6 மணி நேர வெயில் தேவை. காலை, நண்பகல், மாலை என மூன்று வேளையும் நிழலின் எல்லையைத் தாளில் குறித்துக்கொள்ள வேண்டும்.

மழையும் மண்ணும்

கனமழையின்போது குடையுடன் சுற்றிப் பார்ப்பது நல்லது. நீர் எங்கிருந்து வருகிறது, எங்கே தேங்குகிறது, எப்படி வெளியேறுகிறது என்பது அப்போதுதான் தெரியும். ஓர் அடி ஆழக் குழியில் நீர் ஊற்றி, அது வடிந்ததும் மீண்டும் நிரப்பவேண்டும். மறுநாளும் நீர் நின்றால் அங்கு மேட்டுப்பாத்தி அவசியம்.

கூரையின் ஒரு சதுர மீட்டரில் 1 மில்லிமீட்டர் மழை பெய்தால் 1 லிட்டர் நீர். 60 சதுர மீட்டர் கூரையில் 25 மில்லிமீட்டர் மழை பெய்தால் 1,500 லிட்டர். சிறிது வீணானது போக மீதியைச் சேமிக்கலாம். ஏடிஸ் கொசு புகாதபடி தொட்டியை வலையிட்டு மூடவேண்டும்.

கண்ணாடிப் போத்தலில் மூன்றில் ஒரு பங்கு மண்ணும் மீதி நீரும் இட்டுக் குலுக்கி வைத்தால், மணல் முதலிலும் வண்டல் அடுத்தும் களிமண் கடைசியிலும் படியும். நம் நாட்டு மண் பெரும்பாலும் அமிலத் தன்மை கொண்டது. சோதித்த பிறகே சுண்ணாம்பு இடவேண்டும். தாமான்களில் மேல்மண் அகற்றப்பட்டு, கட்டடக் கழிவு புதைந்திருப்பதும் உண்டு.

அண்டை நிலம்

பக்கத்தில் செம்பனைத் தோட்டம் இருந்தால் களைக்கொல்லி தெளிக்கும் நாளையும் காற்றின் திசையையும் விசாரிக்க வேண்டும். பாராகுவாட் 2020 முதல் தடை செய்யப்பட்டிருந்தாலும் வேறு களைக்கொல்லிகள் புழக்கத்தில் உள்ளன. குரங்கு, காட்டுப்பன்றித் தொல்லையையும் வெள்ளம் ஏறிய அளவையும் பழைய குடியிருப்பாளர்கள் சொல்வார்கள்.

வீட்டாரின் தேவை

அப்பாவுக்குக் கோழி வளர்க்க ஆசை; பாட்டிக்கு முருங்கை வேண்டும்; அம்மாவுக்குப் பூசைக்கு மல்லிகை வேண்டும். ஒவ்வொருவரையும் தனித்தனியே கேட்பது நல்லது. தினமும் தண்ணீர் ஊற்றப்போவது யார், ஷிப்ட் வேலை எப்போது, வாரத்தில் எத்தனை மணி நேரம் ஒதுக்க முடியும், எவ்வளவு செலவிட முடியும், அடிக்கடி சமைப்பது என்ன, முதியவர் குனிய முடியுமா என்பவற்றை எழுதிக்கொள்ள வேண்டும். கோழி வளர்ப்புக்கு உள்ளூராட்சி மன்ற விதியையும் கேட்டறிவது அவசியம். தண்ணீர் ஊற்றுபவரைக் கேட்காமல் போட்ட திட்டம் சில வாரங்களில் காய்ந்துவிடும்.

இவை தெரிந்த பிறகே வரைபடம். அடிக்கடி பறிப்பவை சமையலறைக் கதவருகே. எப்போதாவது கவனித்தால் போதுமானவை தூரத்தில். முடிந்தால் ஓர் ஆண்டு முழுவதும் நிலத்தைக் கவனிப்பது சிறப்பு. அதுவரை வாசலருகே ஒரே ஒரு பாத்தி போதும். அதைப் பராமரிக்க முடிகிறதா என்று பார்த்து, பிறகு விரிவாக்கலாம்.