குட்டைக்கால் நாய்க்கு யார் கணக்கில் படி கட்டுவது?

ஒரு படி எவ்வளவு உயரம் இருக்க வேண்டும் என்று 17ஆம் நூற்றாண்டில் பாரிஸில் ஒருவர் கணக்குப் போட்டார். பெயர் பிரான்சுவா புளொண்டெல். அரச கட்டடக்கலைக் கழகத்தின் இயக்குநர். படியின் உயரத்தை இரண்டால் பெருக்கி, கால் வைக்கும் அகலத்தைக் கூட்டுங்கள். 24 பிரெஞ்சு அங்குலம், அதாவது சுமார் 65 சென்டிமீட்டர் வர வேண்டும் என்றார். அது மனிதன் நடக்கும்போது எடுத்துவைக்கும் ஓர் எட்டின் நீளம். நான் இருக்கும் ஜெர்மனியில் படிக்கட்டு விதி இன்றும் 59 முதல் 65 சென்டிமீட்டர் என்றுதான் சொல்கிறது. உங்கள் பள்ளிப் படியை அளந்து பாருங்கள்.

கட்டிலுக்கும் படி இருந்தது. 18, 19ஆம் நூற்றாண்டுகளில் இங்கிலாந்தின் பணக்கார வீடுகளில் கட்டில்கள் மிக உயரம். ஏறுவதற்குக் கம்பளம் ஒட்டிய சின்ன மரப்படி வைத்திருந்தார்கள். சிலவற்றுக்குள் இரவுக்கான மூத்திரச் சட்டியும் ஒளிந்திருக்கும்! அந்தப் படியும் மனிதக் காலுக்குத்தான்.

இப்போது நாய்க்கு வருவோம். எங்கள் வீட்டில் இருப்பது டாக்ஸ்ஹுண்ட். 'டாக்ஸ்' என்றால் ஜெர்மன் மொழியில் வளைக்கரடி. வளைக்குள் நுழைந்து அதைத் துரத்துவதற்காக, குட்டைக் கால் நாய்களையே வேட்டைக்காரர்கள் தலைமுறை தலைமுறையாகத் தேர்ந்து இனம் பெருக்கினார்கள். அந்தக் குட்டைக் காலுக்குக் காரணம் ஒரு மரபணுவின் கூடுதல் பிரதி என்று 2009இல் கண்டுபிடித்தார்கள். 2017இல் அதே மரபணுவின் இன்னொரு பிரதியும் தெரியவந்தது. முதுகெலும்புகளுக்கு இடையே மெத்தைபோல இருக்கும் டிஸ்க்குகள் இளம் வயதிலேயே இறுகுவதற்கும் அதற்கும் தொடர்பு உண்டு. இறுகிய டிஸ்க் பிதுங்கினால் பின்னங்கால்கள் செயலிழந்து போகலாம். வேட்டை நமக்காக, வலி அதற்கு. எனக்கு இது நியாயமாகப் படவில்லை.

ஆகவே கடையில் அழகைப் பார்க்காதீர்கள், அளவு நாடாவை எடுங்கள். தரையிலிருந்து மெத்தையின் மேற்பரப்பு வரை அளக்க வேண்டும். கட்டில் சட்டம் வரை அல்ல. எங்களுடையது 60 சென்டிமீட்டர். ஒவ்வொரு ஏற்றமும் 15 என்றால் மூன்று படி போதும், நான்காவது ஏற்றம் மெத்தையே. விலை மலிவான பல படிகளில் கால் வைக்கும் இடம் மிகக் குறுகல். நாய் இறங்கும்போது அதன் எடை முன்னங்கால்களில் சாயும். நீண்ட முதுகு செங்குத்தாகத் தொங்கும். எங்கள் நாயை வைத்துப் பார்த்ததில் 30 சென்டிமீட்டர் ஆழம் சரியாக இருந்தது. புளொண்டெலின் கணக்கும் 15க்கு 35 என்கிறது, கிட்டத்தட்ட அதே அளவு. ஆனால் அவர் அளந்தது நம் எட்டை, நாயின் முதுகை அல்ல.

மெதுவான பஞ்சுப் படி வேண்டாம், கால் புதையும். மேலே கம்பளம், அடியில் ரப்பர் இருக்கட்டும். நாய் கட்டிலில் ஏறுவதே அம்மாவுக்குப் பிடிக்காது. ஆனால் படி வழுக்குகிறதா என்று தினமும் காலால் தள்ளிப் பார்ப்பவர் அவர்தான்.

நாய் ஏற்கெனவே பின்னங்காலைத் தடுமாறி வைக்கிறதென்றால் படியே வேண்டாம், முதலில் மருத்துவரிடம் காட்டுங்கள். அவர் சம்மதித்தால் சாய்தளம் வாங்கலாம். 60 சென்டிமீட்டர் உயரத்துக்கு 150 சென்டிமீட்டர் நீளப் பலகை வைத்தால் சரிவு ஏறக்குறைய 24 பாகை. அறையில் இடம் இருந்தால் இன்னும் நீளமானதே நல்லது.