கோயிலில்லாத காலத்துக் கோணேசர் வழிபாடு

சமய வரலாற்றை ஆராய்வோர் கட்டடங்களையும் கல்வெட்டுக்களையுமே பெரிதும் நோக்குவர். அடியார் நெஞ்சில் நிகழும் வழிபாடு அவர்தம் ஆய்வுக்கு எளிதில் அகப்படுவதில்லை. திருகோணமலையின் வரலாறு இக்குறையை நமக்கு உணர்த்துகின்றது.

ஏழாம் நூற்றாண்டிற் சம்பந்தராற் பாடப்பெற்ற கோணேசர் கோயில், கடலை நோக்கி நீண்ட மலைமுனையில் அமைந்திருந்தது. 1622க்கும் 1624க்கும் இடையிற் போர்த்துக்கேயத் தளபதி கொன்ஸ்தந்தீன் த சா அதனை இடிப்பித்து, அதன் கற்களைக் கொண்டே கோட்டை அமைத்தான். துறைமுகத்தின் சிறப்பே கோயிலின் அழிவுக்குக் காரணமாயிற்று எனலாம். பின்னர் ஒல்லாந்தரும் ஆங்கிலேயரும் அம்மலையைப் படைத்தளமாகவே வைத்திருந்தனர்.

ஆயினும் மக்கள் மலையை மறந்தாரல்லர். பாறையின் விளிம்பில் நின்று பூசகர் கற்பூரங் காட்ட, அடியார் கடலை நோக்கித் தொழுதனர். எமேர்சன் தெனன்ற் 1859இல் வெளியிட்ட இலங்கை பற்றிய நூல் இவ்வழிபாட்டைக் குறிப்பிடுகின்றது. 1950இற் கிணறு வெட்டியபோது புதையுண்ட திருவுருவங்கள் வெளிப்பட்டன. 1963இற் புதிய கோயிலுக்குக் குடமுழுக்கு நிகழ்ந்தது. இடைப்பட்ட மூன்று நூற்றாண்டுகளுக்கு மேலாக அவ்வழிபாட்டைத் தாங்கியவை நினைவும் நாவுமே. அவற்றை இளையோர்க்குக் கையளித்தோர் வீட்டு முதியோரே ஆதல் வேண்டும்.

மனக்கோயில் சைவ மரபுக்குப் புதிதன்று. பன்னிரண்டாம் நூற்றாண்டுப் பெரியபுராணத்திற் பூசலார் நெஞ்சிலே கோயிலெடுக்கின்றார். காஞ்சியில் மன்னன் எடுத்த கற்றளியினும் அதனையே இறைவன் முதலில் நாடுகின்றான்.

இவ்வுண்மை இன்றைய முதியோர் இல்லங்களுக்கும் பொருந்தும். எமது அம்மம்மா தம் இறுதி ஆண்டுகளை அத்தகைய இல்லமொன்றிற் கழித்தார். மாலைதோறும் யன்னலை நோக்கியிருந்து உதடசைப்பார். அறிவு தளர்ந்துவிட்டதென்றே நாம் எண்ணினோம். ஒருநாள் அருகிருந்து கேட்டபோது, கோணமலைப் பதிகத்தை அடிபிறழாது ஓதிக்கொண்டிருந்தார். இடையிடையே வீட்டுச் செய்திகளையும் இறைவனிடம் கூறினார். பேரப்பிள்ளைகள் வாராத நாட்களையும் எண்ணிச் சொன்னார்.

2000ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கச் சட்டம் இலங்கையில் முதியோரின் உரிமைகளைப் பாதுகாக்க இயற்றப்பட்டது. எனினும், கோயிலுக்கு நடக்கவியலாத ஒருவர் தம்முள்ளே நிகழ்த்தும் வழிபாட்டைச் சட்டம் அறிந்து பேணுதல் அரிது. அது உறவினரின் கடன். உணவும் மருந்தும் வழங்குவதோடு அமையாது, அமைதியான ஒரு மாலைப்பொழுதையும், அருகிருந்து கேட்கும் செவியையும் அவர்க்கு நாம் வழங்குதல் வேண்டும். எமது நகரின் வழிபாட்டு வரலாற்றில் ஏட்டிலேறாத பகுதி அத்தகையோர் நாவிலேதான் எஞ்சியுள்ளது.