மாடுகள் போட்ட தெரு

சென்னையிலோ திருச்சியிலோ ராத்திரி விமானம் ஏறினால் நாலு மணி நேரத்தில் சிங்கப்பூர். இரண்டு மூன்று நாள் தங்கிவிட்டுத் திரும்பும் தமிழ்நாட்டுப் பயணிக்கு எங்கே போவது என்ற குழப்பமே கிடையாது. மெர்லயன் சிலை முன்னால் ஒரு படம், ஒரு பகல் சென்டோசா, சாயங்காலம் முஸ்தபாவில் சாமான், 1947-லிருந்து நடக்கும் கோமள விலாசில் தோசை. 1978-ல் 'ப்ரியா', மறு வருஷம் 'நினைத்தாலே இனிக்கும்' என்று ஊரைத் திரையிலேயே சுற்றிப் பார்த்துவிட்டவர்களும் உண்டு. இந்தப் பட்டியலில் லிட்டில் இந்தியா கட்டாயம் இருக்கும். வெள்ளைக்காரன் இந்தியர்களுக்கென்று ஒதுக்கிக் கொடுத்த பேட்டை அது என்று யாராவது சொன்னால் நம்பவும் தோன்றும்.

அவன் ஒதுக்கியது வேறு இடம். சிங்கப்பூரில் ஆங்கிலக் குடியேற்றத்தை நிறுவிய ராஃபிள்ஸ் சொன்னபடி லெப்டினன்ட் ஜாக்சன் 1822-ல் வகுத்த நகரத் திட்டத்தில், சோழமண்டலக் கரையிலிருந்து வந்தவர்களுக்கு 'சூலியா கம்பம்' (கம்பம் என்பது மலாயில் கிராமம்) என்று சிங்கப்பூர் ஆற்றோரம் ஒரு துண்டு நிலம் குறிக்கப்பட்டிருந்தது. இன்றைய லிட்டில் இந்தியாவின் நடுவே ஓடும் சிராங்கூன் சாலை அப்போது ஊருக்கு வெளியே, சதுப்பு நிலத்தை ஒட்டிப் போன வெறும் பாதை. தமிழர்கள் வாழ்ந்ததும் வணிகம் செய்ததும் துறைமுகத்தைச் சுற்றித்தான். தெலுக் ஆயரில் சூலியா முஸ்லிம்கள் 1828-30-ல் கட்டிய நாகூர் தர்கா இன்றும் நிற்கிறது. 1819 மே மாதம் ராஃபிள்ஸுடன் பினாங்கிலிருந்து 'இந்தியானா' கப்பலில் வந்த நாராயண பிள்ளை, ஊரில் வீடு கட்ட ஆளும் இல்லை கல்லும் இல்லை என்று கண்டு, பினாங்கிலிருந்து கொத்தனார்களையும் தச்சர்களையும் வரவழைத்துச் செங்கல் சூளை போட்டார். அவர் முன்னின்று அமைத்த மாரியம்மன் கோயில் சவுத் பிரிட்ஜ் சாலையில், இன்றைய சைனாடவுன் நடுவில் இருக்கிறது. சீனர் பேட்டையில் இதற்கு என்ன வேலை என்று பயணிகள் வியப்பார்கள். 1827-ல் பலகையும் கூரையுமாக அது எழுந்தபோது, இந்தியர்கள் புழங்கிய இடங்கள் அங்கிருந்து கூப்பிடு தூரம்.

செட்டியார்களின் கிட்டங்கிகளும் ஆற்றங்கரைப் பக்கம், மார்க்கெட் தெருவில்தான். நீளக் கூடம், தரையில் பாய், ஆளுக்கு ஒரு மரப்பெட்டி, பக்கத்தில் உதவிக்குப் பெட்டியடிப் பையன்: அவ்வளவுதான் ஒரு லேவாதேவிக் கடையின் தளவாடம். 1970-களில் நகரச் சீரமைப்பில் அந்தக் கட்டடங்கள் இடிபட்டன. டேங்க் ரோட்டில் அவர்கள் 1859-ல் கட்டிய தண்டாயுதபாணி கோயிலிலிருந்து தைப்பூசத்துக்கு முதல் நாள், செட்டிப்பூசத்தன்று, வெள்ளி ரதம் இன்னும் புறப்படுகிறது.

இவர்களெல்லாம் விரும்பி வந்தவர்கள். விலங்கோடு வந்தவர்கள் வேறு. 1825 ஏப்ரலில் சுமத்ராவின் பென்கூலனிலிருந்து முதல் கைதிக் கூட்டம் இறங்கியது. சென்னை மாகாணத்தவர் 80 பேர். பின்னாலேயே வங்காளத்தவர் 122 பேர். அடுத்த அரை நூற்றாண்டில் சிங்கப்பூரின் சாலைகள், பாலங்கள், அரசுக் கட்டடங்கள் பலவும் இவர்களைப் போன்றவர்களின் உழைப்பில் எழுந்தவை. இன்றைய அதிபர் மாளிகையான இஸ்தானாவும் அப்படித்தான். சிட்டி ஹால் ரயில் நிலையத்தை ஒட்டி வெள்ளை வெளேரென்று நிற்கும் புனித ஆண்ட்ரு தேவாலயம், கைதிகளின் மேற்பார்வையாளராகவும் இருந்த ரொனால்ட் மக்பர்சன் வரைந்து, 1856-லிருந்து அவர்களைக் கொண்டே கட்டியது. பயணிகள் வெளியே நின்று படம் எடுத்துக்கொண்டு போய்விடுகிறார்கள். உள்ளே போய்ச் சுவரைப் பார்க்க வேண்டும். மணல் சேர்க்காத சிப்பிச் சுண்ணாம்பு, முட்டையின் வெள்ளைக்கரு, நாட்டுச் சர்க்கரை. மூன்றையும் பசையாக இடித்து, தேங்காய் மட்டை ஊறிய தண்ணீர் விட்டுக் குழைத்துப் பூசினார்கள். காய்ந்ததும் படிகக்கல்லால் தேய்த்துத் தேய்த்து மெருகேற்றினார்கள். காரைக்குடி வீட்டுச் சுவரைத் தடவிப் பார்த்தவருக்கு இந்த வித்தை எந்த ஊருடையது என்று சொல்ல வேண்டியதில்லை.

கைதிகளைச் சிங்கப்பூருக்கு அனுப்புவது 1867-ல் நின்றது, 1873-ல் சிறையும் கலைந்தது. விடுதலையானவர்களில் ஊர் திரும்பாமல் மாடு வளர்த்தும் வண்டி ஓட்டியும் பிழைத்தவர்கள் உண்டு.

மாடு என்றதும் கதை சிராங்கூன் சாலைக்கு வந்துவிடுகிறது. ரோச்சோர் ஆற்றுத் தண்ணீர், சதுப்பில் மண்டிய புல், எருமை புரளச் சேறு என்று கால்நடைக்கு வேண்டியதெல்லாம் அங்கே இருந்தது. 1840-களில் ஐரோப்பியர்கள் அங்கே குதிரைப் பந்தயத் திடல் அமைத்து, சுற்றிலும் வீடு கட்டிக்கொண்டார்கள். டன்லப், கேம்பல், டிக்சன் என்ற தெருப்பெயர்கள் அவர்கள் விட்டுப்போனவை. ஆனால் பேட்டையை நிரப்பியது குதிரை அல்ல, மாடு. கல்கத்தாவிலிருந்து வந்த யூத வணிகர் ஐ.ஆர். பெலிலியோஸ் போன்றவர்கள் மாட்டு வியாபாரத்தில் கொழித்தார்கள். கொட்டிலில் வேலைக்கு இந்தியர்கள் வந்தார்கள். பால்காரர், வண்டிக்காரர், தோல் பதனிடுபவர், மாடு கட்டி மாவு அரைப்பவர் என்று ஒன்றன்பின் ஒன்றாகத் தொழில்கள் சேர்ந்தன. அவர்களுக்குச் சோறு போட, துணி விற்க, முடி வெட்ட இன்னும் பலர் வந்தார்கள். பக்கத்துச் சுண்ணாம்புக் காளவாய்களாலும் கூட்டம் பெருகியது. 1881-ல் தோன்றிய வீரமாகாளியம்மன் கோயிலை அந்தக் காலத்தவர் 'சுண்ணாம்புக் கம்பத்துக் கோயில்' என்றே அழைத்தார்கள்.

பஃபலோ சாலை, கெர்பாவ் (மலாயில் எருமை) சாலை, பெலிலியோஸ் சாலை மூன்றும் இன்றும் அங்கே இருக்கின்றன. 1966 என்ற ஒரே ஆண்டில் ஏறக்குறைய 40,000 குழந்தைகளைப் பிரசவித்து உலக சாதனை படைத்த கண்டாங் கெர்பாவ் மருத்துவமனைக்கும் எருமைக் கொட்டில்தான் பெயர் கொடுத்தது. அதே கெர்பாவ் சாலையில் பயணிகள் வரிசையில் நின்று படம் எடுக்கும் பலவண்ண மாளிகை, டான் டெங் நியா என்ற சீன மிட்டாய்த் தொழிலதிபர் 1900-ல் கட்டிய வீடு. கண்ணைப் பறிக்கும் அந்த வண்ணங்கள் பிற்காலப் பூச்சு.

நகரம் வளர வளரச் சதுப்பு தூர்ந்தது, புல் போனது, சுகாதாரப் புகார்களும் கிளம்பின. 1936-ல் அந்த வட்டாரத்தில் மாட்டுத் தொழிலுக்கே தடை வந்துவிட்டது. மாடு போனது, மளிகைக்கடையும் கோயிலும் பூக்கடையும் தங்கிவிட்டன. அரசு 1989-ல் இப்பகுதியைப் பாதுகாப்பு வட்டாரமாக அறிவித்தது. 'லிட்டில் இந்தியா' என்ற விளம்பரப் பெயர் புழக்கத்துக்கு வந்ததும் ஏறத்தாழ அந்தக் காலத்தில்தான். உள்ளூர்த் தமிழர்கள் இன்னும் தேக்கா என்றுதான் சொல்கிறார்கள்.

ஞாயிற்றுக்கிழமை அங்கே போக வேண்டாம், கூட்டம் தாங்காது என்று பயணிகளுக்குப் புத்தி சொல்பவர்கள் இருக்கிறார்கள். இந்தக் கட்டுரையின் கட்சி நேர்மாறு. கட்டுமானத் தளங்களிலும் கப்பல் பட்டறைகளிலும் வேலை செய்யும் தமிழ்நாட்டு, வங்கதேசத்து இளைஞர்கள் ஊருக்குப் பணம் அனுப்ப, காய்கறி வாங்க, நண்பர்களைப் பார்க்கத் திரளும் நாள் அது. 2013 டிசம்பர் 8, ஒரு ஞாயிறு இரவில்தான் ரேஸ்கோர்ஸ் சாலையில் பேருந்து மோதித் தமிழ்த் தொழிலாளி ஒருவர் இறக்க, நாற்பது ஆண்டுகளுக்கு மேலாகச் சிங்கப்பூர் காணாத கலவரம் மூண்டது. அதன்பின் அந்தப் பகுதியில் மதுவுக்குக் கடும் கட்டுப்பாடு. கூட்டம் மட்டும் குறையவில்லை.

கேம்பல் லேனில் 2015-ல் திறந்த இந்திய மரபுடைமை நிலையத்துக்கு ஒரு மணி நேரமாவது ஒதுக்கலாம். திங்கட்கிழமை அதற்கு விடுமுறை. ஆகவே தங்கும் நாட்கள் ஞாயிறும் திங்களுமாக அமைந்துவிட்டால், ஞாயிறு பகலிலேயே போய்விடுவது நல்லது.