ஒரே நாளில் நான்கு மருந்தை வென்ற கிருமி

1/
ஆஸ்பத்திரிக் கிருமிகளுக்கு ஆன்டிபயாடிக்கை எதிர்க்கும் சக்தி எப்படி வருது? "மருந்தைப் பார்த்துப் பார்த்துப் பழகிடுச்சு" என்பீர்கள். அது பாதிக் கதைதான். மீதிக் கதை ஜப்பானில் இருக்கிறது.

2/
இரண்டாம் உலகப் போருக்குப் பின் அங்கே சீதபேதி ஆட்டிப்படைத்தது. காரணம் ஷிகெல்லா கிருமி. முதலில் சல்ஃபா மருந்து கேட்டது. சில வருடங்களில் கேட்கவில்லை. பிறகு ஸ்ட்ரெப்டோமைசின், டெட்ராசைக்ளின், குளோராம்ஃபெனிகால் வந்தன.

1955-ல் ஒரு நோயாளியிடம் கிடைத்த ஷிகெல்லா இந்த நான்கையும் எதிர்த்து நின்றது!

3/
மருத்துவர்கள் குழம்பிப்போனார்கள். ஒரு மருந்தை எதிர்க்கும் மரபணு மாற்றம் கோடியில் ஒரு கிருமிக்கு வரும்னு வைத்துக்கொள்வோம். நான்கும் ஒரே கிருமிக்குத் தற்செயலாக வர, ஒன்றுக்குப் பின்னால் 28 சைபர் போடணும். நடக்கிற காரியமா?

அதைவிட வினோதம்: ஒரே ஒரு மருந்து கொடுத்த நோயாளியிடமும் நான்கையும் எதிர்க்கும் கிருமி வந்தது. பார்க்காத மருந்துக்கு எப்படிப் பழகும்?

4/
துப்பு மலப் பரிசோதனையில் கிடைத்தது. அதே நோயாளிகளின் குடலில் சாதுவாக வாழும் ஈ.கோலையும் அதே நான்கு மருந்துகளை எதிர்த்தது.

5/
1959-ல் ஓச்சியாய், அகிபா ஆகியோரின் குழுக்கள் தனித்தனியே ஒரு சோதனை செய்தன. எதிர்ப்புள்ள ஈ.கோலையையும் சாதாரண ஷிகெல்லாவையும் ஒன்றாக வளர்த்தார்கள். ஷிகெல்லாவுக்கு நான்கு எதிர்ப்பும் மொத்தமாக வந்துவிட்டது.

ஒரு கிருமி இன்னொன்றைத் தொட்டு, பிளாஸ்மிட் எனும் குட்டி டிஎன்ஏ வளையத்தின் நகலைக் கொடுக்கிறது. பிட்டு பேப்பரை நகலெடுத்துப் பக்கத்து பெஞ்சுக்குத் தள்ளுற மாதிரி. வாங்குவது வேறு இனக் கிருமியாகவும் இருக்கலாம்!

6/
1963-ல் வாடனாபே ஆங்கிலத்தில் விரிவாக எழுதிய பிறகுதான் மேற்குலகம் நிமிர்ந்து பார்த்தது.

7/
இப்போது நம்ம ஐசியூவுக்கு வாங்க. கடைசிக் கட்ட ஆயுதமான கார்பபெனம் மருந்துகளையே உடைக்கும் என்டிஎம்-1 மரபணுவும் பெரும்பாலும் பிளாஸ்மிட்டில்தான் பயணிக்கிறது. 2010-ல் லான்செட் இன்ஃபெக்‌ஷியஸ் டிசீசஸ் இதழ்க் கட்டுரையில் சென்னையில் எடுத்த கிருமிகளிலும் அது பதிவானது.

8/
ஆக, சாதாரண சளிக்கு நீங்களாக வாங்கிப் போடும் ஆன்டிபயாடிக், சளியை உண்டாக்கிய வைரஸை ஒன்றும் செய்யாது. குடலில் எதிர்ப்புள்ள கிருமிகளை மட்டும் மிச்சம் வைக்கும். அவை நாளை ஒரு நோய்க்கிருமிக்கு அந்த பிட்டைக் கொடுக்கலாம்.

வார்டில் உறவினரைத் தொடும் முன்பும் பின்பும் கை கழுவுங்கள். டாக்டர் எழுதாத ஆன்டிபயாடிக் வேண்டாம்.